அண்ணி கேட்ட நல்ல தண்ணி

எங்கள் தெருவில் இன்றைக்கும் என் அண்ணியைப் பற்றிப் பேச்சு எடுத்தால் "தண்ணியைக் கெடுத்தவ" என்றுதான் சொல்கிறார்கள். கெடுத்தவன் எவனோ, பழி அண்ணி தலையில். இதை எல்லோரையும்விட உரக்கச் சொல்கிறவர் முக்குக் கடை மளிகைக்காரர். தெருவில் வீட்டு விலை விழுந்ததற்கும், அவர் மச்சினன் வீடு விற்காமல் கிடப்பதற்கும் அண்ணிதான் காரணமாம். அவர் கடை வாசலில் கொட்டுகிற குழாய்த் தண்ணீர் யார் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியதால் வந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொல்கிறார். இந்த எரிச்சலை நானும் வருஷக்கணக்கில் நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தீப்பெட்டி வேண்டுமென்றால்கூட அவர் கடையைத் தாண்டி அடுத்த தெருவுக்கு நடக்கிறேன். நடந்து என்ன ஆகப்போகிறது? நடந்ததை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுவது மேல்.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணன் மனைவி. அவர்கள் வீடு வேறு தெருவில். கழிவுகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. வேதியியல் படித்தவர். தொழிற்சாலைச் சாம்பல், சாயக் கழிவு, உலைக் கசடு என்று எதையாவது எங்காவது கொட்டவேண்டுமென்றால் முதலில் ஒரு மூட்டை அவர் மேஜைக்கு வரும். அதன்மேல் மழை பெய்தால் என்னென்ன கரைந்து மண்ணுக்குள் இறங்கும், மண் எவ்வளவு பிடித்துவைக்கும், கிணற்றுக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று பார்த்துச் சொல்லவேண்டும்.

இயல்பிலேயே பயந்த மனுஷி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். கேஸை அணைத்தேனா என்று பஸ்ஸில் பாதி வழியில் எழுந்து நிற்பார். அண்ணன் கிண்டல் செய்வார்: "ஊர்ல எல்லாரும் வேலை செஞ்சா சம்பளம். இவளுக்கு மட்டும் பயந்தா சம்பளம்."

"ஆமா, சிரிங்க. நான் பயப்படலைன்னா நீங்க எல்லாம் பயப்பட வேண்டியிருக்கும்" என்பார் அண்ணி. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனாலும் கை மட்டும் புடவை முனையை முறுக்கிக்கொண்டே இருக்கும்.

எனக்குத் தொழில் மோட்டார் ரிப்பேர். ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் இறக்குவது, ஏற்றுவது, உள்ளே கம்பி சுற்றிக் காயில் கட்டுவது. போர் மெக்கானிக் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஒருமுறை ஆய்வகத்து மோட்டார் பழுதாகி என்னைக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்து அண்ணியைப் பார்க்க உள்ளே போனேன். ஒரு இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பாட்டில்களைக் கட்டியிருந்தார்கள்; அவை தலைகீழாகவும் நேராகவும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. உள்ளே கலங்கல்.

"என்ன அண்ணி, ராட்டினம் விடறீங்க?"

"குப்பைக்கு ராட்டினம் தம்பி. கசடைப் பொடி பண்ணி, சலிச்சு, தண்ணியில போட்டுச் சுத்த விடறோம். ராத்திரி பூரா சுத்தும். பல வருஷ மழை செய்யறதைக் கொஞ்ச நேரத்துல செய்ய வைக்கிறது. நாளைக்கு வடிகட்டி, என்ன எறங்கியிருக்குன்னு பாக்கணும்."

"ஒண்ணும் எறங்கலைன்னா?"

"நிம்மதியா சாப்பிடுவேன்."

"எறங்கிட்டா?"

"சாப்பாடு எறங்காது" என்றார்.

இப்படிப்பட்ட மனுஷியின் மேஜைக்கு ஒருநாள் வந்து சேர்ந்த மூட்டையில் எழுதியிருந்த இடம் எங்கள் தெருவின் பின்பக்கம்.

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்தது. எந்தக் காலத்திலோ அங்கே பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகை இருந்திருக்கிறது. உடைத்து, ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டு, மிச்சக் கசடையும் அமிலம் ஊறின மண்ணையும் பள்ளத்தில் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். மேலே புல் முளைத்தது. நாங்கள் குடிவந்தபோது அது வெறும் மேடு. அந்த மேட்டைச் சமப்படுத்திப் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் போடலாம் என்று ஊராட்சியில் முடிவாகி, தோண்டினால் கறுப்பாக வந்தது. அதைத்தான் மூட்டை கட்டி அனுப்பியிருந்தார்கள்.

ராட்டினம் சுற்றி முடிந்து வடிகட்டினால் ஈயம் கணக்கில்லாமல் இறங்கியிருக்கிறது. அண்ணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம், எங்கள் வீட்டு மாடியில் என் மகள் இருந்தாள். முதல் கரு தங்காமல் போய், மனசு உடைந்து, மறுபடி உண்டாகியிருந்த நேரம். அண்ணிக்குப் பிள்ளையில்லை. என் மகள்தான் அவருக்கு எல்லாம். "பெரியம்மா, பெரியம்மா" என்று அவளும் அவர் மடியிலேயே வளர்ந்தவள். டாக்டர் வேறு அவளிடம் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார். அவள் குடித்ததெல்லாம் எங்கள் வீட்டு போர் தண்ணீர்.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஈயம் ஆகாது. அதை அண்ணி எனக்குச் சொன்ன விதம் இன்னும் நினைவிருக்கிறது. ஆய்வக வாசலுக்கு என்னை வரச்சொல்லி, யாரும் கேட்டுவிடுவார்களோ என்பது போல மெதுவாகச் சொன்னார்: "பெரியவங்க உடம்பு எப்படியோ சமாளிக்கும். வயித்துல இருக்கிறதுக்கு மூளை இப்பதான் தம்பி உருவாகுது."

"இப்ப என்ன செய்யணும்?" என்றேன்.

"கசடுல இருக்கு, சரி. அது நம்ம கிணத்துக்கு வந்துச்சான்னு தெரியணும். நடுவுல மண்ணு இருக்கு. மண்ணு பிடிச்சு வைக்கும். எவ்வளவு நாளைக்கு வைக்கும்னுதான் தெரியல."

அதற்கு ஒரு சோதனை வைத்தார். நீளமான கண்ணாடிக் குழாய். பள்ளத்துக்கும் தெருவுக்கும் இடையிலிருந்து எடுத்த மண்ணை அதில் கெட்டித்து, மேலே கசடு, அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அடியில் பாட்டில். கீழே வடிகிற தண்ணீரை அவ்வப்போது எடுத்துப் பார்க்கவேண்டும். அதோடு என் மனைவிக்கும் போன் செய்தார். எங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க ஒரு பாட்டிலைக் கொடுத்தனுப்பியிருந்தார். போனில் அவர் சொன்னது இதுதான்:

"மூடியைத் திறந்து விரல் படாம, நல்ல தண்ணியைப் பிடிச்சு நிறைய நிரப்பி மூடிக் குடு. மகளுக்கு ஒண்ணும் சொல்லாதே, பயந்துடுவா."

என் மனைவி அப்படியே செய்தாள். நான்தான் வேலைப் பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முடிவு வந்தது. ஈயம் இல்லை. அண்ணி போனில் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "சுத்தமா இருக்கு தம்பி! துளி இல்லை! அவளை நல்லாக் குடிக்கச் சொல்லுங்க" என்றார். நான் அன்றைக்கு என் மோட்டார் கடையை அடைத்துவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். மனைவி மகளுக்கு ஒரு பெரிய சொம்பு நிறைய மொண்டு மாடிக்குக் கொண்டுபோனாள். "நம்ம வீட்டுத் தண்ணிக்குப் பரிசே குடுக்கலாமாம்" என்று நான் வேறு பெருமையடித்தேன்.

அந்த நிம்மதி அண்ணிக்கு நிற்கவில்லை. காரணம் அந்தக் கண்ணாடிக் குழாய். முதலில் வடிந்ததெல்லாம் சுத்தமாக இருந்தது. மண் பிடித்துவைத்துக்கொண்டிருந்தது. பிறகு வடிகிற தண்ணீர் புளிக்கத் தொடங்கியதாம். நாக்கில் வைத்துப் பார்த்தல்ல, காகிதத்தில் தொட்டுப் பார்த்து. அமிலம் வந்துவிட்டது, பின்னாலேயே ஈயமும் வந்துவிட்டது. மண்ணுக்கும் ஒரு அளவு உண்டு, நிறைந்தால் விட்டுவிடும். பள்ளத்தை மூடி எத்தனை மழைக்காலம் போய்விட்டது என்று யோசித்தால், எங்கள் போரில் அது வந்திருக்கவேண்டும். ஆனால் பாட்டில் சுத்தம் என்கிறது.

அவருடைய மேலதிகாரி நல்ல மனிதர்தான். "மேடம், உங்க சொந்தக்காரங்க வீடுங்கறதால ரொம்ப யோசிக்கிறீங்க. அந்த வீட்டுக்கடியில களிமண் இருக்கலாம். தண்ணி வேற பக்கமா ஓடலாம். மத்த வீட்டுலயும் எடுத்துப் பாக்கலாம், வரிசைப்படி ஆள் அனுப்பறேன்" என்றிருக்கிறார். அதிலும் தப்பில்லை.

அண்ணி அன்றைக்கு மத்தியானம் சாப்பிடாமல், குளிர்பெட்டியில் மிச்சமிருந்த எங்கள் வீட்டுப் பாட்டிலை எடுத்திருக்கிறார். முதல் தடவை ஈயம் மட்டும்தான் பார்த்திருந்தார்கள். இந்த முறை சும்மா உப்பு அளக்கிற கருவியை உள்ளே விட்டிருக்கிறார். உப்பு அநேகமாக ஒன்றுமே இல்லை.

அதிலிருந்துதான் அவருக்குப் பற்றிக்கொண்டது. மண்ணுக்கடியில் கிடந்த தண்ணீரில் உப்பு இல்லாமல் எப்படி இருக்கும்?

பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆட்டோ என்றாலே பிரேக் பிடிக்குமா என்று கேட்கிற மனுஷி. நான் முற்றத்தில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "வாங்க அண்ணி" என்றேன். அவர் நேராகச் சமையலறைக்குள் போய், வெந்நீர் வைக்கிற பாத்திரத்தைக் கவிழ்த்து வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே அடியில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவு.

"இது எந்தத் தண்ணி?"

"நம்ம போர் தண்ணிதான் அக்கா. தினமும் தேய்க்கிறேன், போகமாட்டேங்குது" என்றாள் என் மனைவி. பாத்திரம் சரியாகத் தேய்ப்பதில்லை என்று அண்ணி குறை சொல்ல வந்ததாக நினைத்து முகம் சுருங்கிவிட்டது அவளுக்கு.

"அன்னைக்கு எனக்குக் குடுத்து அனுப்பினியே, அது எந்தத் தண்ணி?"

"நல்ல தண்ணி."

"அதான், எதுல இருந்து பிடிச்சே?"

மனைவி கூடத்து மூலையைக் காட்டினாள். அங்கே ஸ்டாண்டில் கவிழ்த்துவைத்த, உப்பு எடுத்த தண்ணீர் கேன். மகளின் மாமியார் வீட்டார் வந்தால் கொடுப்பதற்காகக் கடையில் வாங்கிவைப்பது. வேறு யாரும் தொடமாட்டோம்.

"ஆபீசுக்குப் போறதாச்சே அக்கா. பெரிய பெரிய ஆளுங்க பாப்பாங்க. போய் போர் தண்ணியையா குடுக்கிறது? நீங்களும் நல்ல தண்ணின்னுதானே சொன்னீங்க?"

அண்ணி பிறந்த வீட்டில் இரண்டு குடம் இருக்குமாம். ஒன்று உப்புத் தண்ணி, துவைக்க, குளிக்க. இன்னொன்று நல்ல தண்ணி, குடிக்க. அவர் வாயில் நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணி. எங்கள் வீட்டில் கேன் வந்த நாள் முதலாக நல்ல தண்ணி என்றால் கேன். ஒரே வார்த்தை, இரண்டு வீடு. அதன் நடுவில் என் மகள் சொம்பு சொம்பாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கடைக்காரன் கேன் தண்ணீரை எடுத்துக்கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு எங்கள் கிணற்றுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறோம்! அந்தச் சிரிப்பு அண்ணி முகத்தைப் பார்க்கிறவரைதான். அவர் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார். மூட்டுவலிக்காரர். கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை. நானும் மனைவியும் பின்னாலேயே ஓடினோம்.

மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். அண்ணி அதைப் பிடுங்கினார். பாதி அவள் மடியில் கொட்டியது.

"என்ன பெரியம்மா!"

"இதுல... இதுல எறும்பு கிடக்கு" என்றார் அண்ணி. பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல்.

"எறும்பு கிடந்தா கண்ணு நல்லாத் தெரியும்னு நீங்கதானே சொல்வீங்க?" என்று மகள் சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை. எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கை தானாக வயிற்றுக்குப் போனது. "என்னன்னு சொல்லுங்க" என்றாள். அப்புறம் மறைக்கமுடியவில்லை.

அன்றைக்கே அண்ணி சரியான முறையில் எடுத்தார். மோட்டாரை வெகு நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய பழைய தண்ணீரெல்லாம் வெளியே போனபிறகு, தொட்டிக்குப் போகும் முன்னாலேயே நேராகப் பாட்டிலில் பிடித்து, கெடாமலிருக்கத் துளி அமிலம் விட்டு மூடினார். முதல் பாட்டில் கைதவறி விழுந்தது. இரண்டாவதை நான் பிடித்துக்கொண்டேன்.

வந்த முடிவு நாங்கள் பயந்ததுதான். குடிக்கக்கூடாத அளவுக்கு மேல் ஈயம். மகளுக்கு இரத்தம் எடுத்தார்கள். அதிலும் இருந்தது. டாக்டர் அம்மா சொன்னது: "இருக்கவேண்டியதைவிட அதிகம். ஆனா ரொம்ப மேல போகலை. இந்த நிமிஷத்துல இருந்து அந்தத் தண்ணியை விட்டுடுங்க. பிள்ளைக்கு என்ன ஆகும்னு என்னால இப்ப சொல்லமுடியாது. பொறந்து, வளரட்டும், பாப்போம்." இந்தப் 'பாப்போம்' என்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எப்படித் தூங்கும்?

என் மனைவி அடுப்படியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "என் கையாலதானே பிடிச்சுக் குடுத்தேன். என் கையாலதானே மொண்டு குடுத்தேன்."

அண்ணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "உன் கையில ஒண்ணுமில்லடி. என் வாயில இருக்கு. மோட்டார் தண்ணின்னு சொல்லியிருக்கணும். இத்தனை வருஷமா பாட்டிலை எத்தனை தடவை கழுவறதுன்னு மத்தவங்களுக்குச் சொல்லிக்குடுக்கிறேன், என்ன வார்த்தை சொல்லிக் கேக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் அவரே மோட்டாரைப் போடச்சொல்லி, அவரே பிடித்தார். எங்கள் தெருவில் வீடு வீடாகப் போனதும் அவர்தான். ஒவ்வொரு போரிலும் கூடக் குறைய இருந்தது. பள்ளத்துக்குப் பக்கத்து வீடுகளில் அதிகம். மளிகைக்காரர் வாசலை மறித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுப் பொண்ணு புள்ளைத்தாச்சின்னா அவளை வேற எங்கயாவது கூட்டிட்டுப் போங்கம்மா. எங்க வீட்டு விலையை ஏன் குறைக்கிறீங்க?"

"உங்க பேரன் பள்ளிக்கூடத்துல இருந்து வந்ததும் எந்தத் தண்ணி குடிக்கிறான் அண்ணாச்சி?"

"எங்க அப்பா காலத்துல இருந்து இதான் குடிக்கிறோம். கல்லு மாதிரி இருக்கேன், பாருங்க."

"கல்லு மாதிரிதான் இருக்கீங்க. காதுல ஏறலையே" என்றேன் நான். அண்ணி என்னை முறைத்தார். பிறகு கெஞ்சாத குறையாகக் கேட்டு அந்த வீட்டுத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டார். தெருவுக்கு லாரித் தண்ணீர் வர அவர் ஏறாத படி இல்லை. பிறகு குழாய் வந்தது. பள்ளத்துக் கசடை அள்ளிக்கொண்டு போனார்கள். மண்ணுக்குள் இறங்கியதை யார் அள்ளமுடியும்? தெருவில் இருந்த மோட்டார்களையெல்லாம் நான்தான் மேலே ஏற்றினேன். முதலில் என் வீட்டுடையது.

எனக்குப் பேரன் பிறந்தான். எடை குறைவு, அழுகை மட்டும் ஊரைக் கூட்டுகிற அழுகை. அண்ணி தொட்டிலுக்குப் பின்னால் நின்று கைதட்டுவார், திரும்புகிறானா என்று. சாவியை ஆட்டுவார், கண் போகிறதா என்று. திரும்பினால் ஒரு பெருமூச்சு. அடுத்த வாரம் வந்து மறுபடி தட்டுவார். "பெரியம்மா, அவன் பயந்துபோய்த்தான் முழிக்கப்போறான்" என்பாள் மகள். உட்கார்ந்தான், நடந்தான். பேச்சு மட்டும் வரவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசுகிற வயதில் இவன் விரலை நீட்டிக் காட்டுவதோடு சரி. அந்த நாட்களில் அண்ணி உடம்பு பாதியாகிவிட்டது. வெளியே ஒன்றும் சொல்லமாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே இருப்பார். கதவு. செருப்பு. காக்கா.

கடைசியில் ஒருநாள் தெருவில் போன வண்டியைப் பார்த்து "லாரி" என்று கத்தினான். அம்மா இல்லை, அப்பா இல்லை, லாரி! அண்ணி அவனைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் அவன் பயந்து மறுபடி வாயை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு பேச்சு வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக. படிப்பில் எப்படி இருப்பான், அது தண்ணீரால்தானா, அவன் இயல்பா, இதையெல்லாம் யாராலும் சொல்லமுடியாது. டாக்டர் அம்மாவும் இன்னும் 'பாப்போம்' என்றுதான் சொல்கிறார்.

அண்ணிக்கு இதய அறுவை சிகிச்சை என்று முடிவானது அதற்கடுத்த கோடையில். அறுவைக்கு முந்தின நாள் பார்க்கப் போனேன். கட்டிலில் சின்னதாகிப் படுத்திருந்தார். அண்ணனிடம் வீட்டில் கேஸ் மூடியாயிற்றா என்று என் முன்னாலேயே இரண்டு தடவை கேட்டார். அண்ணன் எப்போதும் போலக் கிண்டல் செய்யப் பார்த்தார். காபி வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

பேச்சை மாற்றலாமே என்று தெருச் செய்தி சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ. கோடையில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகிவிட்டது என்றேன். மளிகைக்காரரும் இன்னும் சிலரும் வந்து, பழைய போரில் மோட்டாரை இறக்கிக் கொடு, குளிக்கவும் செடிக்கும் மட்டும்தான், கூலி சேர்த்துத் தருகிறோம் என்று கேட்பதாகவும் சொன்னேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல அண்ணி. தெருக்காரங்க. மூஞ்சியில முழிக்கணுமே."

எழுந்து உட்காரப் பார்த்தார். நர்ஸ் அதட்டினாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமில்லை, ஆனால் விடவில்லை.

"குளிக்கன்னுதான் இறக்குவாங்க தம்பி. குழாய்ல வராத அன்னைக்கு ஒரு பிள்ளை வாயை வச்சுடும். அதோட, நீங்க உறிஞ்ச உறிஞ்ச, அடியில கிடக்கிறது இன்னும் இந்தப் பக்கமா நகரும். யாரு வந்து கேட்டாலும் சரி, உறவா இருந்தாலும் சரி, திட்டினாலும் சரி. நம்ம தெருவுல எந்த வீட்டு போருலயும் நீங்க மோட்டார் இறக்கக்கூடாது. வேற மெக்கானிக் வந்தா அவன்கிட்டயும் போய் நின்னு விஷயத்தைச் சொல்லணும். செய்வீங்களா?"

"செய்யறேன் அண்ணி" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன்; இன்றுவரை எங்கள் தெருவில் எந்த போரிலும் நான் மோட்டார் இறக்கவில்லை.